சிறுபிள்ளைகளோடு குளிர்காலக் கடற்கரை விடுமுறை: ரொறன்ரோவிலிருந்து முதன்முறை புறப்படும் பெற்றோருக்கு

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் இறுதிவரை, ரொறன்ரோவில் சிறுபிள்ளை வளர்ப்பவர்களுக்கு வீட்டுக்கு வெளியே அதிகம் செய்வதற்கில்லை. ஸ்னோ பான்ட்ஸ், பூட்ஸ், கையுறை, தொப்பி என்று ஒவ்வொன்றாக அணிவித்து முடிப்பதற்குள் பிள்ளைக்கு நித்திரை வந்துவிடுகிறது. நான்கைந்து மணிநேரம் பறந்தால் எட்டிவிடக்கூடிய கரீபியன் கடற்கரைகளுக்குக் குடும்பங்கள் புறப்படுவதில் வியப்பில்லை. பிள்ளை வெறுங்காலுடன் மணலில் ஓடும் ஒரு வாரம், நீண்ட குளிர்காலத்தின் நடுவே பெற்றோருக்கும் பெரிய ஆறுதல்.

முதன்முறை செல்பவர்கள் பெரும்பாலும் ஹோட்டலின் நட்சத்திர எண்ணிக்கையையும் விலையையும் பார்த்துத் தேடத் தொடங்குகிறார்கள். இளந்தம்பதியருக்கு அது சரியாக இருக்கலாம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கரையில் அலை எப்படி அடிக்கிறது என்பதே. அதற்கு அடுத்தது, வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் அறைவரை மொத்தம் எத்தனை மணிநேரம் ஆகும் என்பது. மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, தங்கும் அறை. இவை பொருந்திய பிறகு எஞ்சியிருக்கும் ஹோட்டல்களுக்குள் விலையை ஒப்பிட்டால் தேர்வு எளிதாகிவிடும். கீழே உள்ள படிகள், காலத்தைத் தீர்மானிப்பதில் தொடங்கி, இந்த மூன்றையும் விளக்குகின்றன.

காலத்தைத் தீர்மானியுங்கள்

அத்திலாந்திக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகவே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பற்றிய கவலை இல்லை. கரீபியன் தீவுகளின் பெரும்பகுதியில் மழை குறைந்த பருவமும் அதுவே. விலைதான் வாரத்துக்கு வாரம் மாறும். கிறிஸ்மஸ், புத்தாண்டு வாரங்களிலும், மார்ச் நடுப்பகுதியில் வரும் பள்ளி விடுமுறையிலும் அது உச்சத்தைத் தொடும். டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களிலும், புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு சனவரியிலும் அதே அறை கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஒன்ராறியோவில் கட்டாயக் கல்வி ஆறு வயதில்தான் தொடங்குகிறது. மூத்த பிள்ளை இன்னும் பாலர் வகுப்பில் இருந்தால், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு சனவரியில் ஒரு வாரம் சென்று வருவதே என் பரிந்துரை. முதலாம் வகுப்புக்குப் போய்விட்டால் இந்தச் சுதந்திரம் குறைந்துவிடும்.

சனவரியை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 முதல், சர்காசம் எனப்படும் பழுப்பு நிறக் கடற்பாசி அத்திலாந்திக்கில் பெருமளவில் வளர்ந்து கரீபியன் கரைகளில் ஒதுங்கி வருகிறது. ஏறத்தாழ மார்ச், ஏப்ரலில் அது பெருகத் தொடங்கிக் கோடை முழுவதும் நீடிக்கும். கரையில் குவிந்து அழுகும்போது கூழ்முட்டை நாற்றம் வீசும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இந்தத் தொல்லை பெரும்பாலும் குறைவு. மார்ச் விடுமுறையில் மட்டுமே போக முடிந்தவர்கள், கிழக்குப் பார்த்த கரைகளைவிட மேற்குப் பார்த்த கரைகளைத் தேடுவது நல்லது.

குழந்தையின் வயதையும் இந்த இடத்திலேயே கணக்கில் எடுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு சன்ஸ்கிரீனும் பூசக்கூடாது, நுளம்பு விரட்டியும் பூசக்கூடாது என்பது கனடிய சுகாதாரத் துறையின் அறிவுரை. வெயிலும் நுளம்பும் நிறைந்த இடத்துக்கு அந்த வயதில் அழைத்துச் செல்வதைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள். மறுபுறம், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை பெற்றோரின் மடியில் அமர்ந்து பறக்கலாம். இரண்டாவது பிறந்தநாள் பயணத்தின் நடுவில் வந்தால், திரும்பும் விமானத்தில் அதற்குத் தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டும். முன்பதிவின்போது இதைக் கவனிக்காத குடும்பங்கள் கடைசி நேரத்தில் கூடுதல் விலை கொடுக்க நேரிடுகிறது.

பறக்கும் நேரத்தோடு சாலை நேரத்தையும் கூட்டுங்கள்

பியர்சன் விமான நிலையத்திலிருந்து நேரடியாகப் பறந்தால், மெக்சிக்கோவின் கன்கூனுக்கும் ஜமைக்காவின் மொன்டேகோ பேக்கும் ஏறத்தாழ நான்கு மணிநேரம், டொமினிக்கன் குடியரசின் புந்தா கானாவுக்கு நாலரை மணிநேரம், பார்படோஸுக்கும் அரூபாவுக்கும் ஐந்து மணிநேரம் ஆகும். குளிர்காலத்தில் ரொறன்ரோவில் விமானத்தின் இறக்கைகளிலிருந்து பனிக்கட்டியை அகற்றும் வேலைக்கும் நேரம் எடுப்பதால், இதைவிடச் சற்று அதிகமாகவே எதிர்பாருங்கள்.

இடையில் விமானம் மாறும் மலிவான சீட்டு, சிறுபிள்ளைகளோடு மலிவானது அல்ல. முதல் விமானம் பனியால் தாமதித்தால் இரண்டாவதைத் தவறவிட்டு, தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத நகரில் அறை தேட வேண்டியிருக்கும். அந்த மாற்றம் அமெரிக்க விமான நிலையத்தில் என்றால், இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டில் பயணிப்பவர்களுக்கு அமெரிக்க வீசாவும் தேவைப்படும். அப்பம்மாவோ அம்மம்மாவோ உடன் வரும் குடும்பங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இறங்கிய பிறகான சாலைப் பயணத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. புந்தா கானா விமான நிலையத்திலிருந்து பவாரோ கடற்கரை ஹோட்டல்களுக்கு அரை மணிநேரம் போதும். அதே பெயரில் விற்கப்படும் உவேரோ ஆல்தோ பகுதிக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். கன்கூனிலிருந்து ப்ளாயா டெல் கார்மனுக்கு ஒரு மணிநேரம், துலுமுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம். மொன்டேகோ பேயிலிருந்து நெக்ரிலுக்கு ஒன்றரை மணிநேரம். பயணப் பொதியில் அடங்கும் பேருந்து வழியில் பல ஹோட்டல்களில் நிற்கும் என்பதால், உங்கள் ஹோட்டல் கடைசி நிறுத்தமாக இருந்தால் இந்த நேரம் இன்னும் நீளும். அந்தப் பேருந்துகளில் பெரும்பாலும் குழந்தை இருக்கையைப் பொருத்த வழியிருக்காது. எனவே, வீட்டிலிருந்து கார் சீட்டை எடுத்துச் சென்று, இருக்கைப் பட்டி உள்ள தனி வண்டியை முன்கூட்டியே ஒழுங்கு செய்வது செலவுக்குத் தகுந்த ஏற்பாடு. கார் சீட்டையும் ஸ்ட்ரோலரையும் கனடிய விமான நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணமின்றி ஏற்றிச்செல்கின்றன.

நேர வித்தியாசம் இந்தப் பயணங்களில் ஒரு பெரிய வரம். கன்கூன் குளிர்காலத்தில் ரொறன்ரோவின் நேரத்திலேயே இயங்குகிறது. டொமினிக்கன் குடியரசும் பார்படோஸும் அரூபாவும் ஒரு மணிநேரம் மட்டுமே முன்னால் இருக்கின்றன. பிள்ளையின் தூக்க நேரம் குலையாது.

கடலைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். விளம்பரப் படங்களில் எல்லாக் கடல்களும் ஒரே நீலமாகத்தான் தெரியும். ஆனால் ஒரே தீவின் ஒரு கரையில் இரண்டு வயதுப் பிள்ளை முழங்காலளவு நீரில் உட்கார்ந்து விளையாடலாம்; மறு கரையில் வளர்ந்தவர்களே நிற்க முடியாது.

காரணம் எளிது. கரீபியனில் வியாபாரக் காற்று ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வீசுகிறது. கிழக்குப் பார்த்த திறந்த கரைகளில் அலை ஓயாது. மேற்குப் பார்த்த கரைகள் தீவின் மறைவில் அமைதியாக இருக்கும். கிழக்குப் பார்த்த கரையானாலும் எதிரே பவளப்பாறைத் தொடர் இருந்தால், அலை பாறையிலேயே உடைந்து, கரையில் களப்பைப் போன்ற ஆழமற்ற நீர் தங்கிவிடும். ஆகவே ஒரு ஹோட்டலைப் பார்க்கும்போது, வரைபடத்தில் அது எந்தத் திசையைப் பார்க்கிறது, செயற்கைக்கோள் படத்தில் கரைக்கு அப்பால் வெள்ளைக் கோடாக அலை உடைகிறதா என்ற இரண்டையும் கவனியுங்கள். அந்தக் கோடு கரையிலிருந்து சில நூறு மீற்றர் தள்ளி இருந்தால் நல்ல அறிகுறி. மணலை ஒட்டியே இருந்தால் அந்தக் கரையைத் தவிருங்கள்.

பார்படோஸ் இதற்குத் தெளிவான உதாரணம். ஹோல்டவுன், பெய்ன்ஸ் பே முதலிய மேற்குக் கரை ஊர்களில் கடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடாவும் அப்படித்தான். கிழக்குக் கரையின் பாத்ஷீபா அலைச்சறுக்கு வீரர்களுக்கான இடம். அங்கே பிள்ளையை நீரில் இறக்கவே கூடாது. குறை என்னவென்றால், பார்படோஸில் செலவு அதிகம், உணவு உட்பட அனைத்தும் ஒரே கட்டணத்தில் அடங்கிய ஓல் இன்க்ளூசிவ் ஹோட்டல்களும் குறைவு. குழாய் நீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம் என்பது பெரிய நிம்மதி.

ரொறன்ரோக் குடும்பங்கள் அதிகம் செல்லும் புந்தா கானாவில், பவாரோ, கபேஸா தெ தோரோ பகுதிகளுக்கு எதிரே பவளப்பாறை ஓரளவு காவலாக உள்ளது. வடக்கே போகப் போக அந்தக் காவல் குறைகிறது. மக்காவோ அலைச்சறுக்குப் பயிலும் கடற்கரை. உவேரோ ஆல்தோவில் ஹோட்டல்கள் அழகானவை, கடல் முரடு. அங்கே தங்கினால் பிள்ளைகளுக்கு நீச்சல் குளமே எஞ்சும். அதே நாட்டின் தென்கிழக்கில், கரீபியன் கடலைப் பார்த்து அமைந்த பயாஹீபே எனக்குப் பிடித்த தெரிவு. புந்தா கானா விமான நிலையத்திலிருந்து ஒரு மணிநேரம் பயணிக்க வேண்டும். ஆனால் போய்ச் சேர்ந்தால் அலை குறைந்த கடல் கிடைக்கும். வடக்குக் கரையின் புவேர்த்தோ ப்ளாத்தா பகுதி விலை குறைவானது என்றாலும், குளிர்காலத்தில் வட அத்திலாந்திக்கிலிருந்து வரும் பேரலைகள் அந்தக் கரையைத்தான் தாக்குகின்றன. அருகிலுள்ள கபரேத்தே காற்று விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்றது என்பதே அங்கு வீசும் காற்றுக்குச் சான்று.

மெக்சிக்கோவின் கன்கூன் ஹோட்டல் பகுதி, 7 என்ற எண்ணின் வடிவில் நீண்டுகிடக்கும் மணல்திட்டு. அந்த 7-இன் மேல்பக்கக் கோடு வடக்கே இஸ்லா முஹேரெஸ் தீவைப் பார்க்கிறது. அங்கே நீர் ஆழமற்றது, அமைதியானது. நீண்ட கீழ்க்கோடு திறந்த கடலைப் பார்க்கிறது; அங்கே அலையும் உள்ளிழுப்பும் பலமானவை. இரண்டு பக்கத்து ஹோட்டல்களும் 'கன்கூன் கடற்கரை' என்ற ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. தெற்கே புவேர்த்தோ மொரேலோஸிலும் அக்குமால் விரிகுடாவிலும் பவளப்பாறை கரைக்கு அருகிலேயே இருப்பதால் நீர் அமைதியாக இருக்கும். இந்தப் பகுதி முழுவதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: நவம்பர் முதல் பெப்ரவரி வரை அவ்வப்போது வட அமெரிக்காவின் குளிர்காற்று இறங்கி, இரண்டு மூன்று நாட்களுக்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். உள்ளூரில் அதை 'நோர்த்தே' என்பார்கள். அந்த நாட்களைக் கழிக்க, வெந்நீர் குளமோ உள்ளக விளையாட்டிடமோ ஹோட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அரூபாவில் மழை மிகக் குறைவு, தீவும் சூறாவளிகளின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருக்கிறது. மேற்குக் கரையின் பாம் பீச்சில் கடல் சாந்தமானது. தீவின் தென்கிழக்கு முனையில் உள்ள பேபி பீச், பெயருக்கேற்ப ஆழமற்ற களப்பு. காற்று மட்டும் ஓயாமல் வீசும். அந்தக் காற்றின் குளுமையில் வெயில் சுடுவதே தெரியாது என்பதால் பிள்ளையின் தோல் சிவந்த பிறகுதான் கவனிப்பீர்கள். ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனுக்கு அங்கே தடை உள்ளது. வாங்கும்போதே சேர்மானங்களைப் படித்துவிடுங்கள்.

ஜமைக்காவின் நெக்ரில் மேற்குப் பார்த்த, நீண்ட, சாந்தமான கடற்கரை. 2025 அக்டோபர் இறுதியில் மெலிசா சூறாவளி அந்தத் தீவின் மேற்குப் பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. எனவே முன்பதிவுக்கு முன், ஹோட்டலின் எந்தெந்தப் பகுதிகள் இயங்குகின்றன என்று நேரடியாகக் கேட்டு எழுத்தில் பெறுங்கள். கியூபாவின் வரடேரோ நெடுங்காலமாகக் கனடியர்களின் மலிவான தெரிவாக இருந்து வந்தது. ஆனால் 2024 அக்டோபர் முதல் அந்த நாட்டின் மின்வலையமைப்பு முழுமையாகவே பலமுறை செயலிழந்திருக்கிறது. மருந்துத் தட்டுப்பாடும் உள்ளது. கைக்குழந்தையின் பாலும் மருந்தும் குளிர்சாதனப் பெட்டியை நம்பியிருக்கும் காலத்தில் நான் அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

நீரின் வெப்பத்தையும் பாருங்கள். சிறு உடல் விரைவாகக் குளிர்ந்துவிடும். 24 பாகைக்குக் கீழே இறங்கினால் பிள்ளை பத்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும். புந்தா கானா, கன்கூன், பார்படோஸ், அரூபா ஆகியவற்றில் சனவரிக் கடல் 26 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். புளோரிடா வெப்பமான இடம் என்ற எண்ணத்தில் செல்பவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்: மயாமியில் சனவரிக் கடல் 22, 23 பாகை; மெக்சிக்கோ வளைகுடாவைப் பார்த்த கிளியர்வோட்டரிலோ 17, 18 பாகைக்கு இறங்கிவிடும். ஒர்லாண்டோவின் கேளிக்கைப் பூங்காக்களுக்குச் செல்லலாம். கடலில் குளிப்பதற்காகச் சனவரியில் அங்கே செல்ல வேண்டாம்.

ஹோட்டலையும் அறையையும் ஆராயுங்கள்

கடற்கரை முடிவானதும், அந்தக் கரையில் உள்ள மூன்று நான்கு ஹோட்டல்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். அறையிலிருந்து கடலுக்கும் உணவுக்கூடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பெரிய வளாகங்களில் இது பத்துப் பதினைந்து நிமிட நடையாக இருக்கும். பகல் தூக்கத்துக்கு அறைக்குத் திரும்பும் குடும்பம் அந்தத் தூரத்தை ஒரு நாளில் பலமுறை நடக்கும். பிள்ளைகள் மையங்கள் பெரும்பாலும் நான்கு வயதிலிருந்துதான் பெற்றோர் இன்றிப் பிள்ளைகளை ஏற்கின்றன. அதற்குக் குறைந்த வயதுக்குக் காப்பகம் உள்ள ஹோட்டல்கள் சிலவே. ஆழமற்ற, நிழலுள்ள பிள்ளைகள் குளம் இருக்கிறதா, குளத்தைச் சுற்றி வேலி உண்டா, தொட்டிலும் உயர் நாற்காலியும் தருவார்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு முன் எந்த உணவுக்கூடமும் திறக்காத ஹோட்டல்களும் உண்டு. ஐந்து மணிக்குப் பசித்து ஏழு மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு அவை ஒத்துவராது.

முற்றத்திலிருந்து நேரே நீச்சல் குளத்துக்குள் இறங்கும் தரைத்தள அறைகள் இப்போது பெரிதாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. நடக்கப் பழகிய பிள்ளை இருக்கும் குடும்பம் அவற்றை எந்தக் காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. பெற்றோர் பெட்டியைத் திறந்து துணியை எடுக்கும் அரை நிமிடத்தில் பிள்ளை நீரில் இருக்கும். உயர்மாடி அறைகளில் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியும் உயரமும் கவலை தருபவை. குளத்தை ஒட்டாத, தோட்டத்தைப் பார்த்த தரைத்தள அறையே சிறந்தது. கடற்காட்சிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணமும் மிச்சமாகும்.

உணவைப் பற்றித் தமிழ்ப் பெற்றோர் அதிகம் கவலைப்படுகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. டொமினிக்கன் குடியரசிலும் ஜமைக்காவிலும் சோறு அன்றாட உணவு. காலையில் தயிரும் பழமும் கிடைக்கும். பிள்ளைக்குச் சோறும் தயிரும் பிசைந்து ஊட்டத் தடையில்லை. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மெக்சிக்கோவில் மசித்த பயறைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது மரபு, சோறும் கோழிச்சாற்றில் வேகவைக்கப்பட்டிருக்கலாம். கச்சான் போன்ற ஒவ்வாமை பிள்ளைக்கு இருந்தால், அதை ஸ்பானிய மொழியில் எழுதிய அட்டையை வைத்திருந்து, உணவுக்கூடத் தலைமைச் சமையற்காரரிடம் முதல் நாளே காட்டுங்கள்.

முன்பதிவு, ஆவணங்கள், காப்புறுதி

ஒன்ராறியோவில் பதிவுபெற்ற பயண முகவரிடம் வாங்குங்கள். டைக்கோ எனப்படும் ஒன்ராறியோ பயணத்துறை ஒழுங்குமுறை அமைப்பில் பதிந்தவரிடம் வாங்கினால், முகவரோ பயண நிறுவனமோ மூடப்பட்டுச் சேவை கிடைக்காமற்போகும்போது அதன் இழப்பீட்டு நிதியில் கோரிக்கை வைக்கலாம். அறிமுகமானவர் கைக்காசுக்கு ஒழுங்கு செய்து தருவதாகச் சொல்லும் சலுகைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

பதினாறு வயதுக்குக் குறைந்தோரின் கனடியக் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பிறந்தவுடன் எடுத்தது முதலாம் வகுப்புக்குப் போகும் முன்பே காலாவதியாகிவிடும். நிரந்தர வதிவிட உரிமையில் இருப்பவர்கள், திரும்பி வரும் நாளில் தங்கள் அட்டை செல்லுபடியாகுமா என்று பார்க்க வேண்டும். அதுவோ நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணமோ இல்லாமல் கனடாவுக்கு விமானம் ஏற முடியாது. மெக்சிக்கோவும் டொமினிக்கன் குடியரசும் அந்த அட்டை உள்ளவர்களைத் தனி வீசா இன்றி அனுமதித்து வந்திருக்கின்றன. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டும் முன் அந்த நாட்டுத் தூதரகத்தில் உறுதி செய்யுங்கள். டொமினிக்கன் குடியரசுக்குச் செல்பவர்கள் இணையவழிப் பயணப் படிவத்தை நிரப்பி, அதன் குறியீட்டைக் கைபேசியில் சேமித்துவைக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, கட்டணம் கேட்கும் இணையத்தளங்களை விலக்குங்கள். தாயோ தந்தையோ தனியாகப் பிள்ளையுடன் சென்றால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைச் சான்றுறுதி செய்து எடுத்துச் செல்வது நல்லது.

வெளிநாட்டு மருத்துவச் செலவில் ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் கொடுப்பது சொற்பம்: வெளிநோயாளிக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 50 டொலர், மருத்துவமனையில் தங்கினால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 டொலர். தனியார் மருத்துவமனையில் ஒரு குழந்தைக்குச் சேலைன் ஏற்றினாலே செலவு இதைவிடப் பன்மடங்கு. பயணக் காப்புறுதி இல்லாமல் புறப்படவே கூடாது. வேலையிடத்திலோ கடன் அட்டையிலோ ஏற்கெனவே காப்புறுதி இருக்கலாம். அதில் பிள்ளைகளும் அடங்குகிறார்களா, ஆஸ்துமா போன்ற நிலைமைக்கு அண்மையில் மருந்து மாற்றியிருந்தால் அது விலக்கப்படுகிறதா என்ற இரண்டையும் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவரைப் பாருங்கள்

புறப்பட ஆறு வாரங்களுக்கு முன் குடும்ப மருத்துவரையோ பயண மருத்துவ நிலையத்தையோ அணுகுங்கள். வழக்கமாக 12 மாதத்தில் போடப்படும் சின்னமுத்துத் தடுப்பூசியை, பயணம் செய்யும் குழந்தைக்கு ஆறு மாதத்திலிருந்தே போட வாய்ப்புண்டு. ஹெப்பற்றைற்றிஸ் ஏ தடுப்பூசியும் ஆறு மாதத்திலிருந்து போடலாம். தாய் கர்ப்பமாக இருந்தால், நுளம்பால் பரவிக் கருவைப் பாதிக்கக்கூடிய சிகா தொற்றைப் பற்றியும் கேளுங்கள்.

மருந்துப் பையில் வெப்பமானி, அசெற்றமினோபென், வாய்வழி நீரேற்றும் உப்புப் பொட்டலங்கள், நுளம்பு விரட்டி ஆகியவை இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 20 வீதம் வரை இக்காரிடின் உள்ள விரட்டி கனடாவில் கிடைக்கிறது. டீட் உள்ளதைப் பயன்படுத்தினால் 10 வீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு வயதுவரை நாளுக்கு ஒருமுறை, அதன்பின் 12 வயதுவரை மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

விமானத்திலும் பையிலும்

கனடிய விமானப் பயணியர் விதிகளின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோரின் அடுத்த இருக்கையைக் கூடுதல் கட்டணமின்றி ஒதுக்க விமான நிறுவனம் முயல வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் குடும்பங்களுக்கான தனி வரிசையைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு இல்லை. இறங்கும்போது பால் கொடுத்தால் காதுவலி குறையும்.

ஒரு நாளைக்குப் போதுமான பம்பர்ஸ், மாற்றுடை, மருந்து, நீச்சல் உடை ஆகியவை கைப்பையிலேயே இருக்க வேண்டும். பெட்டி வந்து சேராவிட்டாலும் முதல் நாள் வீணாகாது. நீருக்கான பம்பர்ஸையும் சன்ஸ்கிரீனையும் இங்கேயே வாங்குங்கள். ஹோட்டல் கடையில் விலை பலமடங்கு. முழுக்கை நீச்சல் சட்டையும் கழுத்தை மறைக்கும் தொப்பியும், எந்தக் களிம்பைவிடவும் நம்பகமானவை.

போய்ச் சேர்ந்த பிறகு

ரொறன்ரோவில் சனவரியின் புற ஊதாக் குறியீடு 1 அல்லது 2. கரீபியனில் அதே மாதத்தில் 8 அளவுக்குப் போகும். நம் பிள்ளைகளின் தோல் கருமையானது, வெயில் சுடாது என்ற நம்பிக்கை தவறு. எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்டதை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் பூசுங்கள். காலை ஏழரை முதல் பத்து மணிவரை கடல், பிறகு உணவும் தூக்கமும், மூன்றரைக்குப் பிறகு மீண்டும் கடல் என்று நாளை அமைத்தால், கடும் வெயில் தானாகவே தவிர்க்கப்படும். காலையில் காற்றும் அலையும் பொதுவாகக் குறைவு.

பல கடற்கரைகளிலும் ஹோட்டல் குளங்களிலும் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. இருந்தாலும் அவரை நம்பிப் பார்வையை எடுக்கக் கூடாது. பிள்ளை நீரில் மூழ்கும்போது கூச்சலிடுவதில்லை, கையடிப்பதும் அரிது. நீரில் இருக்கும் நேரமெல்லாம் ஒரு பெரியவர், கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், கைபேசி இன்றி இருக்க வேண்டும். பல பெரியவர்கள் உள்ள குடும்பத்தில், இந்த அரைமணிநேரம் யாருடைய பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தில் யாரும் பார்க்காமல் விடுவதே பெரும் ஆபத்து. காற்றடைத்த கைப்பட்டைகள் விளையாட்டுப் பொருட்கள். சரியான அளவிலான உயிர்காப்புச் சட்டையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால்கூட நனைய வேண்டாம்.

மெக்சிக்கோவிலும் டொமினிக்கன் குடியரசிலும் பல் துலக்குவதற்கும் போத்தல் நீரையே பயன்படுத்துங்கள். பால்மா கரைப்பதற்கு அதையும் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள். ஒரு சிறிய மின்கெண்டி போதும், அந்த நாடுகளின் மின்செருகிகள் கனடாவினுடையவற்றைப் போன்றவையே. உணவுக்கூடத்தில் நெடுநேரம் வைக்கப்பட்டவற்றை விட்டு, கண்ணெதிரே சூடாகச் சமைத்துத் தருவதை எடுங்கள். நாயும் பூனையும் திரியும் மணலில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருக்கக்கூடும். அலை நனைக்காத உலர்ந்த மணலில் பிள்ளைக்குச் செருப்பு போடுங்கள், வெறும் உடலோடு உட்கார விடாமல் துவாயை விரித்துவிடுங்கள்.

திரும்பும் நாளில் ஜாக்கெட்டும் காலுறையும் கைப்பையில் மேலாக இருக்கட்டும். பியர்சனில் பெட்டிக்காகக் காத்து வண்டிக்குப் போகும் இடைவெளி குளிரானது. வீடு வந்து இரண்டு வாரங்களுக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குச் சென்று எப்போது திரும்பினீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று அவர் உறுதி செய்யும்வரை அசெற்றமினோபென் மட்டும் கொடுங்கள்; ஐபுபுரோபென் கொடுக்க வேண்டாம்.